மாநிலம் மாறும்போது கார்பூல் லேன் சலுகை கூடவே வருமா? (பிளக்-இன் ஹைப்ரிட் வண்டிகள்)

மேகமலை:
வண்டி 2021 ராவ்4 பிரைம் (பெட்ரோல் எஞ்சினும் வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் உள்ள பிளக்-இன்), அரிசோனா பதிவு, ஓட்டம் 38,000 மைல். பீனிக்ஸிலிருந்து சான் ஹோசேக்குக் குடிபெயர்வு. வண்டி டிரெய்லரில் வருகிறது, ஓட்டி வரப்போவதில்லை. கேட்க வேண்டியவை:

ஒன்று, கலிஃபோர்னியாவில் பிளக்-இன் வண்டிக்குத் தனியாள் கார்பூல் லேனில் (இரண்டு மூன்று பேர் சேர்ந்து போகும் வண்டிகளுக்கான லேன்) போக ஸ்டிக்கர் தருவார்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறது. வெளி மாநில வண்டிக்கும் தருவார்களா? இரண்டு, அரிசோனாவில் அந்தச் சலுகை தரும் நீலவான பிளேட் இதே வண்டிக்குக் கிடைக்காததற்குக் காரணம் என்ன? மூன்று, டி.எம்.வி.-யில் (வண்டிப் பதிவு அலுவலகம்) எதை முதலில், எதை அடுத்து செய்ய வேண்டும்? டிரெய்லரில் ஏற்றுமுன் கவனிக்க ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நேர்கோடு:
முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: கிடைக்காது. உங்களுக்கு என்றில்லை, கலிஃபோர்னியாவிலேயே வாங்கி அங்கேயே பதிந்த வண்டிக்கும் இனி கிடையாது. ஸ்டிக்கருக்கு டி.எம்.வி. கடைசியாக விண்ணப்பம் வாங்கியது 2025 ஆகஸ்ட் 29. ஏற்கெனவே ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களும் செப்டம்பர் 30-ஓடு செல்லாமல் போய்விட்டன. நீங்கள் படித்த பக்கங்கள் அதற்கு முன்னால் எழுதப்பட்டவை.

காரணம் கலிஃபோர்னியாவில் இல்லை, வாஷிங்டனில் இருக்கிறது. ஹெச்.ஓ.வி. லேன்களில் (கார்பூல் லேனின் அதிகாரப் பெயர்) பெரும்பாலானவை ஃபெடரல் பணத்தில் போட்டவை. அங்கே தனியாள் வண்டியை விடலாமா என்பதை மாநிலம் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. ஃபெடரல் சட்டத் தொகுப்பின் 23-ஆம் தலைப்பு, 166-ஆம் பிரிவு என்னென்ன விலக்குகளை அனுமதிக்கிறதோ அவற்றைத்தான் மாநிலம் எடுத்துக்கொள்ளலாம். பைக்குக்கு விலக்கு உண்டு, அதற்குக் கெடு கிடையாது. மாற்று எரிபொருள் வண்டிக்கும் பிளக்-இன் வண்டிக்கும் இருந்த விலக்கில் மட்டும் ஒரு தேதி போட்டிருந்தார்கள். 2015-இல் வந்த ஃபாஸ்ட் சட்டம் அந்தத் தேதியை 2025 செப்டம்பர் 30 என்று வைத்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை நீட்டிக்கவில்லை. கதவு மூடியது.

இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. அந்தச் சட்டம் மாநிலத்துக்குத்தான் அனுமதி கொடுத்தது, வண்டிக்காரருக்கு எந்த உரிமையும் கொடுக்கவில்லை. மாநிலம் விரும்பினால் விடலாம், விரும்பாவிட்டால் வேண்டாம். அதனால்தான் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாதிரி வைத்திருந்தது, ஒன்றில் வாங்கிய சலுகை இன்னொன்றில் செல்லவும் இல்லை. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளிக்குள் போனதும் நம்மூர் மகளிர் இலவச பஸ் பயணம் எடுபடாது அல்லவா, அதே கதைதான்.

ஐந்தாம் கியர்:
ஒரு நிமிஷம். கலிஃபோர்னியாவில் 2027 வரைக்கும் நீட்டிச்சுட்டாங்கன்னு படிச்சேனே? ஆளுநர் கையெழுத்தே போட்டாச்சுன்னு போட்டிருந்தது.

நேர்கோடு:
கையெழுத்துப் போட்டது உண்மை. 2024-இல் நிறைவேறிய ஏ.பி. 2678 மசோதா மாநிலத் திட்டத்தின் ஆயுளை 2027 ஜனவரி 1 வரை தள்ளி வைத்தது. ஆனால் ஃபெடரல் அனுமதி இருக்கும்வரைதான் அதுவும் ஓடும். மாப்பிள்ளை வீட்டில் மண்டபம் பிடித்துவிட்டார்கள், பெண் வீட்டில் சம்மதம் வரவில்லை. அவ்வளவுதான். காங்கிரஸ் நாளைக்கே நீட்டித்தால் கலிஃபோர்னியாவால் உடனே தொடங்க முடியும் என்பதற்கு மேல் அந்த மசோதாவால் இன்றைக்குப் பயன் இல்லை.

மாநிலம் 60 நாள் அவகாசமும் கொடுத்திருந்தது. செல்லாத ஸ்டிக்கரோடு கார்பூல் லேனில் போனாலும் அந்த நாட்களில் அபராதச் சீட்டு கிடையாது என்று. நவம்பர் கடைசியோடு அதுவும் தீர்ந்தது. இப்போது பிடித்தால் குறைந்தபட்ச அபராதமே 490 டாலர். எக்ஸ்பிரஸ் லேன் (டோல் கட்டினால் தனியாளும் போகக்கூடிய லேன்) டோல் தள்ளுபடிக்கு அந்த அவகாசம்கூடக் கிடையாது, அக்டோபர் 1-லேயே நின்றுவிட்டது.

பொடோமக் கரை:
இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அரிசோனாவின் நீலவான பிளேட் மாற்று எரிபொருளில் மட்டுமே ஓடும் வண்டிக்கு என்று வைத்தது. உங்கள் வண்டியில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது, அதனால் தள்ளிவிட்டார்கள். அதே வண்டிக்குக் கலிஃபோர்னியா கொடுத்தது. அந்த மாநிலம் டேங்கைப் பார்க்கவில்லை, புகைக்குழாய் எவ்வளவு சுத்தம், மின்சாரத்தில் எவ்வளவு ஓடும் என்று பார்த்தது. ஃபெடரல் வரையறை இரண்டையும்விடத் தாராளம். வருமான வரிச் சட்டத்தின் 30டி பிரிவில் உள்ள பிளக்-இன் வரையறையை அப்படியே எடுத்துக்கொண்டது. வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றக்கூடிய, குறைந்தது 4 கிலோவாட்-மணி பேட்டரி இருந்தால் போதும் என்றிருந்தது. பழைய பிளக்-இன் பிரியஸின் 4.4 கிலோவாட்-மணி பேட்டரி இந்தக் கோட்டை மயிரிழையில் தாண்டியது.

ஒரே மாடலுக்குள்ளேயே வித்தியாசம் வந்ததும் உண்டு. செவி வோல்ட் 2011 மாடலுக்குக் கலிஃபோர்னியா பச்சை ஸ்டிக்கர் கிடைக்கவில்லை. 2012-இல் குறைப் புகை பேக்கேஜோடு வந்த வோல்ட்டுக்குக் கிடைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் புகைச்சான்று லேபிளைப் படித்தால்தான் தெரியும்.

நியூயார்க்கில் கிளீன் பாஸ் என்ற ஸ்டிக்கர், லாங் ஐலண்ட் எக்ஸ்பிரஸ்வேக்கு மட்டும். ஜார்ஜியாவில் பிளேட். மேரிலாந்தில் பெர்மிட். வர்ஜீனியாவில் பிளேட், ஆனால் அங்கே எந்தச் சாலை, எந்தத் தேதிக்கு முன் வாங்கிய பிளேட் என்று பார்த்தார்கள். ஐ-95, ஐ-395-க்கு 2006 ஜூலை 1-க்கு முன்னால் வாங்கியது, ஐ-66-க்கு 2011 ஜூலை 1-க்கு முன்னால் வாங்கியது. ஐ-66-இல் பெல்ட்வேக்கு (வாஷிங்டன் நகரைச் சுற்றிய வட்டச் சாலை) உட்பட்ட பகுதி 2017 டிசம்பரில் டோலானதும் அந்தப் பழைய பிளேட்டும் அங்கே வெறும் அலங்காரம் ஆனது.

டெக்சஸிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் பிளக்-இன் வண்டிக்கென்று ஹெச்.ஓ.வி. சலுகை இருந்ததே இல்லை. டாலஸிலிருந்தோ சியாட்டிலிலிருந்தோ வருகிறவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை.

ஐந்தாம் கியர்:
இத்தனை பேர் இத்தனை விதமா வெச்சதுக்குப் பின்னாடி ஏதாவது கணக்கு இருந்துதா, இல்ல சும்மா அரசியலா?

நேர்கோடு:
கணக்கு இருந்தது. 166-ஆம் பிரிவிலேயே வேகக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். வேக வரம்பு 50 மைலோ அதற்கு மேலோ உள்ள ஹெச்.ஓ.வி. லேனில், வார நாள் காலை அல்லது மாலை நெரிசல் நேரத்தில், தொடர்ந்து 180 நாட்களைக் கணக்கில் எடுத்தால் 90 சதவீத நேரமாவது 45 மைல் வேகம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த லேன் சீர்கெட்டது என்று பொருள். தனியாள் வண்டிகளை அனுமதித்திருக்கும் மாநிலம் அதைச் சரிசெய்யத் திட்டம் கொடுக்க வேண்டும். வண்டியில் இருக்க வேண்டிய ஆள் எண்ணிக்கையைக் கூட்டு, டோலை ஏற்று, விலக்கைக் குறை, இப்படி ஏதாவது.

கலிஃபோர்னியா ஆரம்பத்திலிருந்தே இந்தக் கயிற்றில்தான் நடந்தது. 2005-இல் சாதா ஹைப்ரிடுக்கு மஞ்சள் ஸ்டிக்கர், உச்சவரம்பு 85,000. அதை 2011 ஜூலை 1-இல் நிறுத்தினார்கள். 2012-இல் பிளக்-இன்னுக்குப் பச்சை, 40,000-இல் தொடங்கி 55,000, 70,000, 85,000 என்று ஏற்றிக்கொண்டே போய் 2016-இல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். லேன் நிரம்பியது. பிறகு நிறத்தை வருடா வருடம் மாற்றி, ஸ்டிக்கருக்கு ஏறத்தாழ நான்காண்டு ஆயுள் வைத்தார்கள். அரசியல் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லேன் முழுக்க ஸ்டிக்கர் வண்டி ஊர்ந்தால் மூன்று பேர் ஏறிய வண்டிக்கு என்ன மிச்சம்? என் கருத்தில் இந்தச் சலுகை போனது லேனுக்கு நல்லதுதான். திட்டு வாங்கத் தயார்.

ஐந்தாம் கியர்:
திட்டறேன். 101 ஃப்ரீவேல வந்து பாருங்க.

முத்திரை:
மூன்றாவது கேள்வி, டி.எம்.வி. வரிசை. மேகமலை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவில் வசிப்பிடம் ஆன நாளிலிருந்து வண்டியைப் பதிய 20 நாள். வேலையில் சேர்ந்தது, வீடு வாடகைக்கு எடுத்தது எல்லாமே வசிப்பிடக் கணக்கில் வரும். வண்டி டிரெய்லரில் எப்போது வந்து இறங்கினாலும் இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். தாமதித்தால் தாமதக் கட்டணம்.

முதல் வேலை காப்பீடு. 2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவின் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு ஒருவர் காயத்துக்கு 30,000, ஒரு விபத்துக்கு 60,000, சொத்துச் சேதத்துக்கு 15,000 டாலர். அரிசோனா பாலிசி 25,000, 50,000, 15,000 என்ற அளவில் இருந்தால் இங்கே பற்றாது. முகவரி மாற்றும்போதே இதையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்து ஸ்மாக் சான்று, அதாவது புகைச் சோதனையில் தேறிய சான்று. பேட்டரி மட்டும் உள்ள வண்டிக்கு இது கிடையாது, பெட்ரோல் எஞ்சின் உள்ள பிளக்-இன்னுக்கு உண்டு. இதைப் பற்றி ஸ்மாக் தெரிந்தவர் யாராவது விளக்கமாக எழுதட்டும், மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

பிறகு டி.எம்.வி. ஜன்னல். ரெக் 343 படிவம், அரிசோனா டைட்டில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம் (லோன் இருந்தால் பதிவுச் சீட்டு, டைட்டில் வங்கியிடம் இருக்கும்), ஸ்மாக் சான்று, கட்டணம். வண்டியைக் கையோடு ஓட்டிக்கொண்டு போங்கள். வி.ஐ.என். எண்ணை (வண்டியின் அடையாள எண்) அவர்கள் நேரில் பார்த்து ரெக் 31 படிவம் நிரப்ப வேண்டும். வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனால் இன்னொரு நாள் போகத்தான் வேண்டும்.

7,500 மைல் விதி என்று ஒன்று உண்டு, அது உங்களைத் தொடாது. ஓட்டம் 7,500 மைலுக்குக் குறைவாக உள்ள வண்டி கலிஃபோர்னியா புகைத் தரத்துக்குத் தயாரானது என்ற லேபிள் இல்லாமல் வந்தால்தான் பதிய மறுப்பார்கள். அதிலும், குடிபெயர்வதற்கு முன்பே உங்கள் பெயரில் பழைய மாநிலத்தில் பதிந்திருந்தால் விலக்கு உண்டு. உங்களுடையது 38,000. வாங்கி 12 மாதம் தாண்டியிருந்தால் பயன்பாட்டு வரியும் இல்லை. உள்ளேயே இருந்தால் அரிசோனாவில் கட்டிய விற்பனை வரியைக் கழித்துக்கொண்டு மீதி கேட்பார்கள், பழைய விலைச்சீட்டை எடுத்து வையுங்கள்.

கொதிகலன்:
ஸ்மாக் பக்கத்தை நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

2000 மாடலிலிருந்து வந்த பெட்ரோல், ஹைப்ரிட் வண்டிகளுக்குப் புகைக்குழாயில் கம்பி விட்டு அளப்பதில்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள ஓ.பி.டி. (கோளாறு கண்டறியும்) சாக்கெட்டில் கேபிள் போட்டு வண்டியின் கணினியையே கேட்கிறார்கள். எரியும் எஞ்சின் விளக்கு இருக்கிறதா, பிழைக் குறியீடு இருக்கிறதா, சுயபரிசோதனைகள் முடிந்தனவா. இந்த மூன்றாவதில்தான் பிளக்-இன் வண்டி சறுக்கும்.

வண்டி தன் உமிழ்வுப் பாகங்களைத் தானே சோதித்துக்கொள்ளும். வினையூக்கி, ஆக்சிஜன் சென்சார், அதன் ஹீட்டர், பெட்ரோல் ஆவி அமைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மானிட்டர். எஞ்சின் சூடாகி, குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட நேரம் ஓடினால்தான் அந்தச் சோதனை முடிந்து ‘தயார்’ என்று பதிவாகும். 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் அத்தனையும் அழிந்து ‘தயார் இல்லை’ என்று ஆகிவிடும். டிரெய்லரில் பல நாள் நிற்கும்போது பேட்டரி இறங்கக் கூடாதென்று கழற்றுவார்கள், அல்லது கழற்றாமலே இறங்கிப்போகும். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான்.

சாதா பெட்ரோல் கார் என்றால் ஒரு வாரம் ஆபீஸ் போய் வந்தால் தானாகச் சரியாகும். ராவ்4 பிரைம் சார்ஜில் 42 மைல் போகும். தினமும் வீட்டில் சார்ஜ் போட்டு 30 மைல் ஓட்டினால் எஞ்சின் விழிக்கவே விழிக்காது. மூன்று வாரம் கழித்து ஸ்மாக் கடைக்குப் போனால் அத்தனை மானிட்டரும் ‘தயார் இல்லை’. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, ஆனால் ஃபெயில். அதற்குள் உங்கள் 20 நாளும் போய்விடும்.

கலிஃபோர்னியா விதிப்படி 2000 மாடலிலிருந்து வந்த பெட்ரோல் வண்டியில் ஆவி மானிட்டர் ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம். மற்றவை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அதனால் ஆவி மானிட்டருக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், வினையூக்கி மானிட்டரை முடியுங்கள். அதுதான் பிடிவாதம் பிடிக்கும்.

பேட்டரி கழன்றதால் மட்டும் அழிந்ததென்றால் இதோடு சரி. எஞ்சின் விளக்கு எரிந்து, யாராவது ஸ்கேனரால் குறியீட்டை அழித்திருந்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நிரந்தரக் குறியீடு என்று ஒன்று உண்டு, அதை ஸ்கேனராலும் பேட்டரியைக் கழற்றியும் அழிக்க முடியாது. பழுது சரியான பிறகு வண்டியே சோதித்து அழித்துக்கொள்ள வேண்டும். 2019 ஜூலையிலிருந்து ஸ்மாக்கில் அதையும் பார்க்கிறார்கள். அழித்த பிறகு 15 முறை எஞ்சின் சூடேறி, 200 மைலும் ஓடியிருந்தால் அந்தக் குறியீட்டைப் பொருட்படுத்த மாட்டார்கள். சூடேறுவது என்றால் பெயருக்கு ஒரு நிமிடம் உறுமுவதல்ல. குளிர்நீர் வெப்பம் கிளப்பியதிலிருந்து 22 டிகிரி செல்சியஸாவது ஏறி, 71 டிகிரியைத் தொட வேண்டும். பிளக்-இன் வண்டியில் மேட்டில் இரண்டு நிமிடம் எஞ்சின் கிளம்பி அடங்குவது இந்தக் கணக்கில் சேராது. 15 முறை சேர மாதக்கணக்கில் ஆகலாம்.

மேகமலை:
அப்படியானால் டிரெய்லரில் ஏற்றுமுன் என்ன செய்ய வேண்டும்? வந்து இறங்கியதும் எஞ்சினை எப்படிக் கட்டாயப்படுத்தி ஓட வைப்பது?

கொதிகலன்:
ஏற்றுமுன்: 12 வோல்ட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள். பயணம் ஒரு வாரத்துக்குள் என்றால் நல்ல பேட்டரி தாங்கும். சாவியை வண்டிக்குள்ளேயோ பக்கத்திலேயோ வைத்தால் வண்டி சாவியோடு பேசிக்கொண்டே இருக்கும், அது பேட்டரியைத் தின்னும், டிரைவரிடம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். 20 டாலர் சுற்றுவட்டாரத்தில் புளூடூத் ஓ.பி.டி. ரீடர் கிடைக்கும். கிளம்பும் முன் அதில் ரெடினஸ் பக்கத்தை (எந்த மானிட்டர் ‘தயார்’ என்று காட்டும் பக்கம்) படம் எடுத்து வையுங்கள், இறங்கியதும் மறுபடி பாருங்கள். எல்லாம் ‘தயார்’ என்றே இருந்தால் அன்றைக்கே ஸ்மாக் கடைக்கு ஓட்டிவிடலாம், மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

அழிந்திருந்தால்:

இரண்டு மூன்று நாளைக்குச் சார்ஜ் போடாதீர்கள். ராவ்4 பிரைமில் இ.வி./ஹெச்.வி. பட்டனை ஒருமுறை அழுத்தினால் ஹெச்.வி. மோடு, சாதா ஹைப்ரிட் மாதிரி எஞ்சின் வந்து போகும். அதையே நீள அழுத்தினால் சார்ஜ் மோடு, எஞ்சின் பேட்டரியையும் ஏற்றிக்கொண்டே ஓடும். நமக்குத் தேவை இந்த இரண்டாவது. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் கிளப்பி, பத்து நிமிடம் ஊருக்குள், பிறகு ஃப்ரீவேயில் 50-லிருந்து 60 மைல் வேகத்தில் இருபது நிமிடம் சீராக. குரூஸ் கன்ட்ரோல் போட்டுவிடலாம். திடீர் முடுக்கம் வேண்டாம், நடுவில் வண்டியை அணைக்க வேண்டாம். ஒருமுறைக்கு முடியாவிட்டால் மறுநாள் இதையே செய்யுங்கள்.

மற்ற வண்டிக்காரர்களுக்காக: பிரியஸ் பிரைமிலும் ஏறக்குறைய இதே பட்டன்தான். வோல்ட்டில் மவுண்டன் மோடு, 2013-இலிருந்து ஹோல்ட் மோடும் உண்டு. பசிஃபிகா ஹைப்ரிடின் ஆரம்ப மாடல்களில் இப்படி ஒரு பட்டனே வைக்கவில்லை. அதில் முதலில் பேட்டரியை ஓட்டித் தீர்க்க வேண்டும், பிறகுதான் எஞ்சின் வரும். முப்பது மைலுக்கு மேல் வீணாகச் சுற்ற வேண்டும், வேறு வழியில்லை.

பசுமைப் பட்டை:
டோல் டேக் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஸ்டிக்கர் போன பிறகு கையைக் கடிப்பது இதுதான்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 101, 880, 680, 580 எல்லாவற்றிலும் எக்ஸ்பிரஸ் லேன்கள் வந்துவிட்டன. இவற்றில் கார்பூலாகப் போனாலும் ஃபாஸ்ட்ராக் டேக் (டோலைத் தானாகக் கழிக்கும் கருவி) கட்டாயம். சாதா டேக் இல்லை, ஃபிளெக்ஸ் டேக். அதில் 1, 2, 3+ என்று ஒரு சுவிட்ச் இருக்கும், ஆள் எண்ணிக்கைக்கேற்ப நகர்த்த வேண்டும். முன்பு சுத்தவாயு (ஸ்டிக்கர் பெற்ற) வண்டிகளுக்கென்று தனி டேக் கொடுத்தார்கள், தனியாள் போனால் இங்கே பாதி டோல், லாஸ் ஏஞ்சலிஸின் 10, 110 எக்ஸ்பிரஸ் லேன்களில் 15 சதவீதத் தள்ளுபடி. இப்போது இரண்டும் இல்லை. அந்த டேக்கைப் பழைய வண்டியோடு யாராவது கொடுத்தால் அதை வைத்துத் தள்ளுபடி கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள், முழு டோல்தான் விழும்.

வழக்கமான தவறு: காலையில் மனைவியோடு போய் சுவிட்சை 2-இல் வைத்து, மாலையில் தனியாகத் திரும்பும்போது மாற்ற மறப்பது. லேனில் டேக் என்ன சொல்கிறது என்பது போலீஸ் கண்ணில் படும் விளக்கில் தெரியும். மறதி என்று சொன்னால் எடுபடாது.

லேனில் ஏறுமுன் டேக் கணக்கில் கலிஃபோர்னியா பிளேட் எண்ணைச் சேர்க்க மறக்காதீர்கள். அரிசோனா பிளேட்டோடு டேக் வாங்கி, பிறகு பிளேட் மாறியதும் கணக்கில் மாற்றாமல் விட்டால், டேக் படிக்காத நாளில் கேமரா பிளேட்டைப் பிடித்து அபராத நோட்டீஸ் அனுப்பும்.

பொடோமக் கரை:
கிழக்குக் கரைக்கு வருகிறவர்களுக்கு: ஃபாஸ்ட்ராக் இங்கே செல்லாது. வர்ஜீனியாவில் 495, 95, 395 எக்ஸ்பிரஸ் லேன்களில் மூன்று பேர் இருந்தால் இலவசம், ஆனால் ஈ-இசட்பாஸ் ஃபிளெக்ஸ் (இந்தப் பக்கத்து டோல் டேக்) இருந்து அதில் ஹெச்.ஓ.வி. பக்கம் சுவிட்ச் வைத்திருந்தால்தான். ஐ-66-ம் 2022 டிசம்பரிலிருந்து மூன்று பேர். பெல்ட்வே உட்பகுதியில் காலை 5:30-லிருந்து 9:30 வரை கிழக்கே, மாலை 3-லிருந்து 7 வரை மேற்கே. மற்ற நேரம் எல்லோருக்கும் இலவசம். வேறு மாநிலத்தில் வாங்கிய சாதா ஈ-இசட்பாஸில் சுவிட்ச் கிடையாது. மூன்று பேரோடு போனாலும் டோல் விழும், பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

மேகமலை:
நன்றி, பெரிய உதவி. இன்னும் இரண்டு சின்னச் சந்தேகம். கைக்குழந்தை ஒரு ஆளாகக் கணக்கில் வருமா? நேரக் கட்டுப்பாடு பீனிக்ஸ் மாதிரியேதானா?

நேர்கோடு:
குழந்தை ஒரு ஆள்தான், இருக்கையில் இருந்தால். வயிற்றில் இருந்தால் கணக்கில் வராது.

நேரம் பீனிக்ஸ் மாதிரி இல்லை. பீனிக்ஸில் வார நாள் காலை 6-9, மாலை 3-7, மற்ற நேரம் யாரும் போகலாம். வளைகுடாப் பகுதியில் ஹெச்.ஓ.வி. லேன் பொதுவாக வார நாள் நெரிசல் நேரத்துக்கு மட்டும், எக்ஸ்பிரஸ் லேனாக மாறியவற்றில் பல காலை 5-லிருந்து இரவு 8 வரை. தெற்கே லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் பெரும்பாலும் 24 மணி நேரமும், ஞாயிறும் சேர்த்து. அங்கே லேனுக்கு இரட்டைக் கோடு வேலி உண்டு. விட்டுவிட்டு வரும் திறப்பில்தான் ஏறி இறங்கலாம், நடுவில் கோட்டைத் தாண்டினால் உள்ளே மூன்று பேர் இருந்தாலும் குற்றம். எத்தனை பேர் என்பதையும் பலகையில் படியுங்கள். பெரும்பாலான இடங்களில் இரண்டு, ஆனால் ஐ-80-இல் எமரிவில்லிலிருந்து கார்க்கினெஸ் பாலம் வரை மூன்று.

தென்திசை:
இழையைத் திசைதிருப்பவில்லை, தொடர்புள்ள கேள்விதான். பழைய பிளக்-இன் ஒன்று வாங்கப் பார்க்கிறேன். விளம்பரத்தில் ‘கார்பூல் ஸ்டிக்கரோடு’ என்று போட்டு, அதற்காகவே ஆயிரம் டாலர் கூடக் கேட்கிறார்கள். பேரம் பேசலாமா?

ஐந்தாம் கியர்:
ஆயிரத்தையும் கழிச்சுக் கேளுங்க, ஸ்டிக்கரைச் சுரண்டற கூலியையும் கழிச்சுக் கேளுங்க.

முத்திரை:
ஐந்தாம் கியர் சொன்னது சரியே. செத்த ஸ்டிக்கருக்கு விலை இல்லை. பெயின்ட் மேல் பல வருடம் வெயிலில் காய்ந்த ஸ்டிக்கரை நகத்தால் பிய்த்தால் துண்டு துண்டாக வரும். தலைமுடி உலர்த்தியால் ஒரு நிமிடம் சூடு காட்டி, மீன்பிடி நரம்பைப் பின்னால் விட்டு அறுத்தது போல இழுத்தால் முழுசாக வரும். மிச்சப் பசைக்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால். பிளேடு, ரேசர் எதையும் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் புதுப் பெயின்ட் மாதிரி தெரியும், பாலிஷ் போட்டால் கொஞ்சம் சமாளிக்கலாம்.

வண்டியை லேனுக்காக வாங்கும் காலம் போயிற்று. பேட்டரி எவ்வளவு தாங்குகிறது, சார்ஜர் கேபிள் கூட வருகிறதா, எஞ்சின் எத்தனை மாதம் ஓடாமல் கிடந்தது, இவற்றைப் பார்த்து வாங்குங்கள். அப்படியே அந்த ரெடினஸ் பக்கத்தையும் பாருங்கள். எல்லாம் ‘தயார் இல்லை’ என்றிருந்தால் யாரோ அண்மையில் எதையோ அழித்திருக்கிறார்கள்.

தென்திசை:
தப்பித்தேன். வண்டியோடு பிறகு வாஷிங்டன் மாநிலத்துக்கோ டெக்சஸுக்கோ போனால்?

நேர்கோடு:
இரண்டிலும் 30 நாளுக்குள் பதிய வேண்டும். டெக்சஸில் முழு மின்வண்டிக்கு வருடம் 200 டாலர் கூடுதல் கட்டணம், பிளக்-இன் அதில் வராது. வாஷிங்டனில் பேட்டரியில் மட்டும் 30 மைலாவது போகுமா என்று பார்க்கிறார்கள். போனால் முழு மின்வண்டிக்குரிய வருடக் கட்டணம். பழைய பிரியஸ் பிரைம் 25 மைல், தப்பிக்கும். 2023 மாடலிலிருந்து வருவது 44 மைல் வரை போகும், மாட்டும். அங்கே ஐ-405 எக்ஸ்பிரஸ் லேனில் இலவசமாகப் போக குட் டு கோ ஃபிளெக்ஸ் பாஸ் (அந்த மாநில டோல் டேக்) வேண்டும், நெரிசல் நேரத்தில் மூன்று பேர்.

மேகமலை:
வண்டி இறங்கிவிட்டது. 12 வோல்ட் கழற்றியிருக்கிறார்கள், சொல்லியும் கேட்கவில்லை. சார்ஜ் மோடில் இரண்டு நாள் ஓட்டியாயிற்று. வினையூக்கி, சென்சார் எல்லாம் ‘தயார்’. ஆவி மானிட்டர் மட்டும் அசையவே இல்லை. டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கிறது. இன்னும் காத்திருக்கவா?

கொதிகலன்:
காத்திருக்க வேண்டாம். ஆவி ஒன்று மட்டும் பாக்கி என்றால் பாஸ், இன்றைக்கே போங்கள்.

முடிய வேண்டும் என்றே ஆசைப்பட்டால்: டேங்க் நிறைந்திருந்தால் அந்தச் சோதனை தொடங்கவே தொடங்காது. பாதி டேங்க் உத்தமம். டொயோட்டாவில் அது வண்டி ஓடும்போது நடப்பதில்லை. அணைத்து ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழித்து, வண்டி தானே ஒரு சின்னப் பம்பை ஓட்டி டேங்கில் கசிவு பார்க்கும். எஞ்சின் இன்னும் சூடாக இருந்தால் ஏழாவது மணி, அதற்கும் ஆறாவிட்டால் ஒன்பதரை. நள்ளிரவில் கராஜில் பின்பக்கம் மெல்ல உறுமும் சத்தம் கேட்டால் எலி இல்லை, அதுதான்.

ஸ்மாக் கடைக்குப் போகும்போது ஹெச்.வி. மோடிலேயே போங்கள். கடைக்காரர் கேபிள் மாட்டும்வரை வண்டியை அணைக்காமல் வையுங்கள்.